தோட்டத்தில் பிறந்த இசையும் கித்தாரின் இரு வழிகளும்

கித்தார் பயிலப் புகும் இளைஞன் கருவியைக் கையில் எடுக்கும் முன்னரே ஒரு வினாவில் இடறி நிற்கின்றான். மின்னிணைப்பு ஏதுமின்றி மரப்பெட்டியின் அதிர்வால் மட்டுமே ஒலிக்கும் கித்தாரில் தொடங்குவதா, மின்னாற்றலால் ஒலி பெருக்கும் கித்தாரில் தொடங்குவதா என்பதே அவ்வினா. 'அக்கூஸ்டிக்' என்றும் 'எலெக்ட்ரிக்' என்றும் கடைக்காரர் கூறும் அவற்றை இக்கட்டுரையில் மரக் கித்தார் என்றும் மின் கித்தார் என்றும் குறிப்போம். "மரத்தில் பழகினால்தான் விரல் உரமேறும்" என்பர் ஒரு சாரார். "மின் கித்தாரின் தந்தி மெல்லியது, பிஞ்சு விரலுக்கு அதுவே ஏற்றது" என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், புளூஸ் எனப்படும் இசையைப் பயில விழைவோனுக்கு விரலின் வலியை மட்டும் அளவுகோலாகக் கொண்டு விடை கூறுதல் போதாது. அவ்விசை எங்கே பிறந்தது, எதனால் மரத்திலிருந்து மின்சாரத்திற்கு மாறியது என்பதை அறிந்த பின்னரே விடை தெளிவுறும்.

அலோர் காஜாவில் வாழும் தமிழர் இதனை ஏன் அறிதல் வேண்டும் என ஒருவர் வினவலாம். புளூஸ் அரண்மனையிலோ ஆலயத்திலோ பிறந்த இசையன்று. தோட்டத்தில் பிறந்த இசை. தோட்டத்து லயங்களில் தோன்றி வளர்ந்த ஒரு சமுதாயத்திற்கு அதன் வரலாறு முற்றிலும் அயலானதாக இருத்தல் இயலாது.

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் கரிசல் சமவெளியை 'டெல்ட்டா' என்பர். பருத்தி விளையும் நிலம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள் அமெரிக்கத் தென்னாட்டின் பருத்தி நிலங்களில் அடிமைகளாய் உழைத்தனர். 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் நிலம் பழைய உடைமையாளரிடமே இருந்தது. விடுதலை பெற்றவர் வாரத்திற்குப் பயிரிடுவோர் ஆயினர். விதையும் ஏரும் கோவேறு கழுதையும் முதலாளி தருவார். உணவும் உடையும் தோட்டக் கடையில் பற்றில் வாங்கப்படும். அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது உழைத்தவன் கையில் எஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டிற்கான கடனே.

பற்றுக் கடை என்னும் சொல்லைக் கேட்டதும் நம் பெரியோர் முகத்தில் ஒரு மாற்றம் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். மலாக்கா மாநிலமே இந்நாட்டு ரப்பர்த் தோட்டத் தொழிலின் தொட்டில் எனலாம். 1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் தோட்டங்கள் பெருகின; தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அவ்வாண்டில்தான் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடுத்தது. இருவேறு துன்பங்களையும் ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அங்கே மனிதன் விலைப்பொருளாய்ச் சந்தையில் விற்கப்பட்டான். தாயும் மகவும் பிரிக்கப்பட்டனர். இங்கே அந்நிலை இல்லை. ஆயினும் குடியிருக்கும் வீடு தோட்டத்துடையது, வாங்கும் கடை தோட்டத்துடையது, விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பும் ஓசையும் தோட்டத்துடையது என்னும் அளவில் இருவர் வாழ்வும் ஒரு சாயலை உடையன. அச்சாயலே ஈண்டு நமக்கு வேண்டுவது.

அத்தகைய வாழ்வில் இசைக்கருவி எங்கிருந்து வரும்? டெல்ட்டாச் சிறுவர்கள் அதனைத் தாமே செய்துகொண்டனர். துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து எடுப்பர். மரவீட்டின் சுவரில் இரண்டு ஆணிகளை அறைந்து அக்கம்பியை இழுத்துக் கட்டுவர். கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஒரு புட்டியைச் செருகி விறைப்பேற்றுவர். ஒரு கையால் கம்பியைத் தட்டி, மறு கையில் மற்றொரு புட்டியைப் பற்றிக் கம்பியின்மீது வழுக்கினால் ஓசை ஏறி இறங்கும். வீட்டுச் சுவரே ஒலிப்பெட்டி ஆகிவிடும். இதற்கு 'டிட்லி போ' என்பது பெயர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கித்தார் கலைஞர் பலர் இந்த ஒற்றைக் கம்பியிலேயே தம் முதற்பாடத்தைக் கற்றனர்.

தமிழ் மாணாக்கர்க்கு இது புதிய செய்தி அன்று. பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் முல்லை நிலத்து இடையன் ஒருவனைக் காட்டுகின்றார். தீக்கடைகோலால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகின்றான் அவன். அவ்விசை சலித்தபின் குமிழ மரத்தின் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றைத் தானே செய்து மீட்டுகின்றான். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என உரையாசிரியர் வகுத்த கணக்கெல்லாம் பாணர்க்கும் அரசவைக்கும் உரியவை. மாடு மேய்ப்பவனுக்குக் குமிழங்கொம்பும் மரல் நாருமே கிடைத்தன. துடைப்பக் கம்பியைச் சுவரில் கட்டிய மிசிசிப்பிச் சிறுவனும் இவ்விடையனும் ஓர் இனத்தவர். எக்கருவியில் தொடங்குவது என்னும் வினாவே இவர்கட்கு எழவில்லை. கிடைத்ததில் தொடங்கினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்களின் விலைப்பட்டியல் வழியாக மலிவான கித்தார்கள் சிற்றூர்களை அடைந்தன. எஃகுத் தந்திகளும் அக்காலத்தையொட்டியே பரவின. விலங்குக் குடலில் செய்த பழைய நரம்பை விட எஃகு உரத்து ஒலித்தது. ஆட்டமும் பாட்டமும் நிகழும் கூட்டத்தில் ஒருவன் வாசிப்பது கேட்க வேண்டுமெனில் அவ்வுரப்பு இன்றியமையாதது. 1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பியின் டட்வைலர் தொடர்வண்டி நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் இசைவாணர், கந்தலுடுத்த ஒருவன் கத்தியின் முதுகைத் தந்தியில் அழுத்தி வழுக்கிப் பாடுவதைக் கேட்டார். ஹவாய்த் தீவினர் வாசிக்கும் முறை போன்றது அது என்று 1941இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் எழுதினார். வண்டி தாமதமாக வந்தமையால் ஓர் இசை வரலாற்றில் பதிவாகியது. புலாவ் செபாங்கில் உள்ள தம்பின் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருந்தவர்களும் எத்தனையோ பாட்டைக் கேட்டிருப்பர். அங்கே ஒரு ஹேண்டி வாய்க்கவில்லை.

புளூஸ் பாட்டின் அமைப்பு மிக எளிது. முதலடியைப் பாடுவர், அதனையே மீண்டும் பாடுவர், மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவர். பன்னிரண்டு தாளக்கட்டுகளில் ஒரு சுற்று முடியும். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் பாடகன் மூச்சு வாங்கும் இடத்தில் கித்தார் மறுமொழி கூறும். அழைப்பும் மறுமொழியுமாக இயங்கும் இம்முறையை நம் கும்மியிலும் பின்பாட்டிலும் காணலாம். இவ்விசைக்கே உரிய சில சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்கு இடையே விழுபவை. மென்காந்தாரமும் அன்று, வன்காந்தாரமும் அன்று, இரண்டிற்கும் நடுவே நின்று அலைபவை. மேலைநாட்டார் இவற்றைத் தனிப்பெயரிட்டு வியப்பர். கமகம் என்னும் சொல்லை அறிந்த நமக்கு வியப்புத் தோன்றாது. வீணைக் கலைஞர் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துகின்றார். புளூஸ் கலைஞரும் அதனையே செய்கின்றார். மெட்டே இல்லாத கோட்டுவாத்தியத்தில் மரத்துண்டை வழுக்கி வாசிப்பதற்கும் டெல்ட்டாவில் புட்டிக் கழுத்தை விரலில் மாட்டி வழுக்குவதற்கும் உள்ள உறவு கண்கூடு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் கூறவில்லை. மனிதக் குரலைத் தந்தியில் கொணர விழைந்த இரு நாட்டாரும் ஒரே வழியைக் கண்டனர் என்பதே போதும்.

மரக் கித்தாரில் இக்கலை எட்டிய உயரத்திற்கு ராபர்ட் ஜான்சன் சான்றாவார். 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டல்லஸிலும் அவர் பதிவு செய்த பாடல்கள் 29 மட்டுமே. 1938இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். கட்டைவிரல் கீழ்ச்சுரத் தந்தியில் தாளம் காக்க, ஏனைய விரல்கள் மேலே பாட, இருவர் வாசிப்பது போன்ற மயக்கத்தை அவர் கித்தார் தோற்றுவிக்கும். துணைக்கு எவரும் இல்லாத கலைஞனின் இசை அது.

இனி இவ்வரலாற்றின் திருப்புமுனைக்கு வருவோம். மெக்கின்லி மார்கன்ஃபீல்டு என்னும் இயற்பெயரும் மடி வாட்டர்ஸ் என்னும் சிறப்புப் பெயரும் கொண்ட ஒருவரின் வாழ்வே அத்திருப்புமுனை. மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் நகரை அடுத்த ஸ்டோவால் தோட்டத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர் அவர். முதலில் அவர் கையில் இருந்தது மவுத் ஆர்கன். பதினேழாம் வயதில், வீட்டில் எஞ்சியிருந்த குதிரையை விற்ற பணத்தில் ஒரு பாதியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, தம் பங்கிலிருந்து இரண்டரை டாலருக்கு ஒரு பழைய கித்தார் வாங்கியதாகப் பின்னர் அவரே கூறினார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். சனிக்கிழமை இரவுகளில் வாசித்தார்.

1941 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கறுப்பின அறிஞர் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுப் பொறியுடன் அவர் குடிசைக்கு வந்தனர். தம் குரலைத் தாமே கேட்டபோதுதான் தம்மாலும் இயலும் என்னும் உறுதி அவருக்குப் பிறந்தது. அரசின் நூலகம் ஒன்று தோட்டத்து டிராக்டர் ஓட்டியைத் தேடி வந்து அவன் பாட்டைப் பதிவு செய்ததை எண்ணும்போது, நம் தோட்டங்களின் நினைவு எழாமல் இராது. அதே 1941ஆம் ஆண்டில் தெபோங், கெமுனிங், காடேக் பகுதித் தோட்டங்களில் நம் பாட்டியரும் பாடிக்கொண்டுதான் இருந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் கப்பலேறி வந்த துயரும் பால்மரத்து நிரைகளிடையே ஒலித்தன. பிற்காலத்தில் ஆர்வலர் சிலர் இத்தகைய பாடல்களின் சொற்களைத் திரட்டி அச்சேற்றினர். அவர்தம் தொண்டு பெரிது. ஆனால் அச்சில் ஏறியவை சொற்களே. ஒப்பாரியின் இழுப்பும் விம்மலும் தாளில் ஏறுவதில்லை. புளூஸ் உலக இசையானதற்கும் நம் தோட்டப் பாட்டு லயத்தோடு நின்றதற்கும் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒலிப்பதிவுப் பொறி முதன்மையானது என்பது என் துணிபு.

1943இல் மடி வாட்டர்ஸ் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகருக்குத் தொடர்வண்டி ஏறினார். அவர் தனியராகச் செல்லவில்லை. 1910களில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்னாட்டை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1944இல் கிளார்க்ஸ்டேலை அடுத்த ஹாப்சன் தோட்டத்தில் பருத்தி பறிக்கும் பொறி பலர் காண இயக்கிக் காட்டப்பட்டது. கைகளுக்கு இனி அங்கே வேலை இல்லை என்பது எல்லார்க்கும் விளங்கிற்று. சிக்காகோவில் அவர் காகித ஆலையில் வேலை செய்தார். இரவில் மதுக்கூடங்களில் வாசித்தார். ஸ்டோவால் குடிசையில் ஊரையே நிறுத்தி வைத்த மரக் கித்தார் இங்கே எவர் காதிலும் விழவில்லை. பேச்சொலி, கண்ணாடிக் குவளைகளின் ஓசை, வீதியில் வண்டிகளின் இரைச்சல் எல்லாம் அதனை விழுங்கின. 1944 அளவில் அவருடைய மாமா ஒரு மின் கித்தாரை வாங்கித் தந்தார். 1948இல் அவர் அரிஸ்டோகிராட் நிறுவனத்திற்காகப் பதிவு செய்த இசைத்தட்டு வெளிவந்த உடனேயே விற்றுத் தீர்ந்தது. அதிலிருந்த இரு பாடல்களும் 1941இல் குடிசையில் பாடியவற்றின் மறுவடிவங்களே! பாட்டு மாறவில்லை, கைவிரல் மாறவில்லை, புட்டிக் கழுத்தின் வழுக்கலும் மாறவில்லை. இரைச்சலை மீறி ஒலிக்க வேண்டிய தேவை மட்டுமே புதிது.

மின் கித்தாரின் இயக்கத்தை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று. தந்திகளின் அடியில் காந்தமும் அதனைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அலைவுறும். அதனால் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனைப் பன்மடங்கு ஆக்கும். நைலான் தந்தியை மாட்டினால் இக்காந்தம் வாளாவிருக்கும். 1931இல் இவ்வமைப்பில் முதல் மாதிரி செய்யப்பட்டு, 1932இல் ரிக்கன்பேக்கர் கருவி விற்பனைக்கு வந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் முறைக் கித்தார் அது. வாணலி போன்ற அதன் வடிவத்தால் மக்கள் அதற்குப் பொரிக்கும் சட்டி என்று பெயரிட்டனர். 1936இல் கிப்சன் நிறுவனம் தோள்வாரில் மாட்டி வாசிக்கும் மின் கித்தாரை ஒலிபெருக்கியுடன் 150 டாலருக்கு விற்றது. இரண்டரை டாலர்க் கித்தாருக்கும் 150 டாலர்க் கித்தாருக்கும் உள்ள இடைவெளியே தோட்டத்திற்கும் நகரத்திற்கும் இருந்த இடைவெளி.

இங்கே ஒரு வேடிக்கையையும் கூறல் வேண்டும். 1958இல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்குச் சென்று மின் கித்தாரை முழக்கினார். தோட்டத்துப் பாட்டாளியை எதிர்பார்த்துச் சென்ற திறனாய்வாளர் சிலர் அம்முழக்கம் கேட்டு முகம் சுளித்தனர். அவர்தம் சுவையை அறிந்த அவர் 1963இல் மரக் கித்தாருடன் மீண்டும் சென்றார். அதற்குள் இங்கிலாந்து இளைஞர் மின் கித்தாரில் மயங்கியிருந்தனர். மரக் கித்தாரைக் கண்டு ஏமாற்றமுற்றனர். பிக் பில் புரூன்சி என்பார் கதையும் இத்தகையதே. சிக்காகோவில் மின் கித்தாரும் வாசித்தவர், 1951 முதல் ஐரோப்பியர்க்காக மரக் கித்தாருடன் ஊர்ப்புறப் பாடகராக மேடையேறினார். ஆகவே மரக் கித்தார்தான் தூயது, மின் கித்தார் கலப்படம் என்னும் கருத்தைப் புளூஸ் கலைஞர்கள் உருவாக்கவில்லை, கேட்போர் உருவாக்கினர். பழமையே தூய்மை என்று கருதும் பழக்கம் தமிழ் இலக்கிய உலகிலும் உண்டாதலால் இதனைச் சற்று விரித்துரைத்தேன்.

நம் நாட்டிற்கு வருவோம். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் வழியில் வந்தோர் உஜோங் பாசிரில் இன்றும் கித்தார் மீட்டி ஆடிப் பாடுகின்றனர். ஆதலின் மலாக்காவுக்கு இக்கருவி புதிதன்று. 1960களில் இங்கிலாந்தின் இசைக்குழுக்களைப் பின்பற்றி மின் கித்தார்க் குழுக்கள் நாடெங்கும் தோன்றின. கும்புலான் கித்தார் ரஞ்சாக் என்னும் தொடரைச் சுருக்கிக் குகிரான் என அழைத்தனர். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் உடன்பிறப்புகள் ஆலிகேட்ஸ் குழுவின் வழி மலாய்ப் பாட்டில் பெரும்புகழ் எய்தினர். புளூஸ் இசைக்கே தம்மை ஒப்படைத்தது 1970களில் உருவான புளூஸ் கேங் குழு. அதன் கித்தார் கலைஞர் ஜிம் மாடசாமி. பெயரே பிறப்பை உரைக்கின்றது. அக்குழுவின் 'அப்போ நாக் டிகாத்தோ' என்னும் பாடல் நெகிரி செம்பிலான் வட்டார மலாயில் அமைந்தது. அலோர் காஜா அடங்கிய நானிங் நிலம், 1831-32இல் டோல் சைட் தலைமையில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டது. அப்பகுதி மக்கள் நெகிரி செம்பிலான் மக்களுடன் பேச்சாலும் மரபாலும் நெருங்கியவர். மிசிசிப்பியின் இசை அண்டை ஊர்ப் பேச்சில் ஒலித்ததை அவர்கள் அயலாகக் கருதியிருக்க மாட்டார்கள். புளூஸ் பிறமொழிக்கு இடம் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் பக்கத்தில் இல்லை.

தோட்டங்களில் மின் கித்தார் நுழையாமைக்குக் காரணம் வெளிப்படை. பல தோட்டங்களின் லயங்களில் நெடுங்காலம் மின்விளக்கே இல்லை. பின்னர் வந்த இடங்களிலும் மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடி நின்றுவிடும். உறுமியும் தப்பும் ஆர்மோனியமும் மின்சாரத்தை எதிர்பாராதவை. ஆதலால் அவை நிலைத்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் பட்டணம் சேர்ந்தபின், கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவினரின் கையில் மின் கித்தார் தோன்றியது. ஸ்டோவாலிலிருந்து சிக்காகோவுக்குச் சென்ற பயணம் இங்கும் நிகழ்ந்தது. ஆனால் அங்கே தோட்டத்துப் பாட்டே நகரத்தில் உரத்து ஒலித்தது. இங்கே மேடையேறியது திரைப்பாட்டு. தோட்டத்துப் பாட்டு ஒலிபெருக்கியின் முன் நிற்கும் வாய்ப்பை இழந்தது.

மரமா மின்சாரமா என்னும் வினாவுக்கு நம் இசையுலகிலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1969இல் ஆந்திரத்தின் பாலக்கொல்லுவில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் ஆறாம் வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து வாசிக்கலானார். மரபான மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். இரட்டைத் தந்தியை ஒருசேர இழுத்துக் கமகம் காட்டுதல் அரிது. எழுந்த ஒலியும் நொடியில் மாய்ந்துவிடும். அவர் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கைக்கொண்டார். ஒலி நீண்டது, நீண்டமையால் கமகம் சாத்தியமாயிற்று. 1981இல் சென்னை மேடையில் அச்சிறுவர் வாசித்தபோது கருநாடக இசையில் இக்கருவிக்கு இடமுண்டோ என ஐயுற்றோரும் செவி சாய்த்தனர். 2014இல் அவர் மறையும்வரை அவ்விடம் அசையவில்லை. மின்சாரம் அவர்க்கு உரப்பைத் தந்தது என்பதைவிட நீட்சியைத் தந்தது என்பதே பொருந்தும்.

இவற்றையெல்லாம் நோக்குங்கால், மரத்திற்குப் பின் மின்சாரம் என்பது வரலாற்றின் வரிசையே தவிரக் கற்பித்தலின் விதியன்று என்பது புலனாகும். பி. பி. கிங் வாழ்வு இதனை இன்னும் தெளிவாக்கும். அவர் உறவினர் புக்கா வைட் எஃகுக் குழலை வழுக்கி வாசிப்பதில் வல்லவர். அவ்வாறு வழுக்க முயன்ற கிங்கிற்குக் கை வரவில்லை. ஆகவே விரல்நுனியையே தந்தியின்மேல் விரைந்து அசைத்து அந்த ஒலியைப் பெற முயன்றார். அவ்வசைவே அவருடைய மின் கித்தாரின் அடையாளக் குரலாயிற்று.

எனவே தொடங்குவோன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தக் கருவி என்பதன்று. எந்தப் பாட்டு என்பதே. தனியே அமர்ந்து தன் குரலுக்குத் தானே துணை வாசிக்க விழைபவன் மரக் கித்தாரில் தொடங்கட்டும். கட்டைவிரலின் தாளக்காப்பு அதில்தான் செவ்வனே படியும். பிழை செய்தால் மறைக்கப் பிறிதோர் ஒலி இல்லை. குழுவில் நின்று ஒற்றைத் தந்தியில் குரலெழுப்ப விழைபவன் மின் கித்தாரில் தொடங்குவதில் இழுக்கேதும் இல்லை. நம் மாணவர்க்கு எது ஏற்றது என என்னைக் கேட்பின், மரக் கித்தாரையே கூறுவேன். பாட்டியின் தாலாட்டையோ ஒப்பாரியையோ தோட்டத்து நடைப்பாட்டையோ எடுத்து, அதன் ஓரடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியில் விடை கூறி, இடைவெளியில் தந்தியால் மறுமொழி அமைத்துப் பார்ப்பதற்கு அதுவே இசைவானது. அவ்வாறு பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்தல் இன்று எவர்க்கும் எளிது. லோமாக்ஸ் வண்டியில் ஏற்றிச் சென்ற பொறி இப்போது சட்டைப்பையில் இருக்கின்றது. பாட்டியர் இருக்கும் வீடுகளில் இப்பணி காத்திருத்தல் ஆகாது.

கருவி வாங்கச் செல்வோர்க்குச் சில குறிப்புகள் வேண்டும். புளூஸ் வாசிக்க நைலான் தந்திக் கித்தார் பொருந்தாது. விரலுக்கு இதமாயினும் தந்தியை இழுத்தால் சுரம் போதிய அளவு உயராது. மரக் கித்தாரில் மாட்டப்படும் எஃகுத் தந்திக் கட்டில் மிக மெல்லிய தந்தி வழக்கமாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு பருமன் உடையது. மின் கித்தாரில் அது 9 அல்லது 10 பங்கு. தொடங்குவோர் மரக் கித்தாருக்கும் 10 அல்லது 11 பங்குத் தந்தியைக் கேட்டு வாங்கலாம். மரக் கித்தாரின் மூன்றாம் தந்தி பெரும்பாலும் கம்பி சுற்றியதாக இருப்பதால் வளைக்கக் கடினம். விரல் சோர்ந்தால் குறை விரலுடையதன்று. தந்தி மெட்டுகளிலிருந்து மிக உயர்ந்து நிற்கும் கருவியைத் தவிர்க்க வேண்டும். பலர் முதல் திங்களிலேயே கைவிடுவதற்கு அதுவே காரணம், சோம்பல் அன்று. நம் நாட்டு ஈரக்காற்றில் எஃகுத் தந்தி விரைவில் துருவேறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து வைக்க வேண்டும். கித்தாரைத் தகரக் கூரையின் வெப்பம் நேரே இறங்கும் இடத்தில் சாய்த்து வைத்தலும் கூடாது. ஒட்டுவிட்டுக் கழுத்து வளைந்துவிடும்.